காற்றிலே ஒரு பாலம்



சிலிபின் வட்டாரத்திலிருந்து ஒரு நேயர் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் ஒரு சிறிய சங்கத்தின் செயலாளர். சங்கத்திற்கு இரண்டு கட்டடங்கள் உண்டு. ஒன்றில் அலுவலகம் நடக்கிறது. சாலைக்கு அப்பால் ஏறத்தாழ 300 மீட்டர் தள்ளி, ஒரு கடைவீட்டின் மாடியில் பிள்ளைகளுக்கான டியூஷன் வகுப்பும் சிறு நூலகமும் நடக்கின்றன. அலுவலகத்தில் இணைய வசதி இருக்கிறது. உறுப்பினர் பதிவேடும் கணக்கும் அங்குள்ள கணினியில்தான் இருக்கின்றன. மாடி வகுப்பில் அந்த வசதி இல்லை.

“கம்பியில்லாக் கருவி கொண்டு இரண்டையும் இணைக்கலாம் என்கிறார்கள், ஐயா. ஒரு கடையில் 5 கிலோமீட்டர் போகும் கருவியைக் காட்டினார்கள். இன்னொரு கடையில் 15 கிலோமீட்டர் போகுமாம், விலையும் கூட. எதை வாங்கட்டும்? ஐந்தும் பத்துமாக உறுப்பினர்கள் கொடுத்துச் சேர்ந்த பணம் இது. வீணாகிவிடக் கூடாது” என்று கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி. இன்று கோயில், சங்கம், கூட்டுறவு, பாலர் பள்ளி என்று எங்கு பார்த்தாலும் ஒரு கட்டடம் இரண்டாகி வருகிறது. ஆகவே ஒருவருக்கு மட்டும் பதில் எழுதாமல், எல்லாருக்கும் பயன்படும்படி இம்மாதப் பக்கத்தையே இதற்கு ஒதுக்கிவிட்டேன்.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் கிலோமீட்டரைப் பார்த்து வாங்காதீர்கள். பால்மரம் சீவுகிறவர் நல்ல கத்தி இருந்தால் மட்டும் பால் எடுத்துவிட முடியுமா? மரத்தின் பட்டையைப் பார்க்க வேண்டும், வானத்தையும் பார்க்க வேண்டும். இதுவும் அப்படித்தான். கருவியைவிட, இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே இருக்கும் வெளிதான் முக்கியம். அந்த வெளியை முதலில் படியுங்கள். கடைக்குப் பிறகு போகலாம்.

கம்பி போதாதா?

முதலில், கம்பியில்லாக் கருவி உண்மையிலேயே தேவையா என்று பார்த்துவிடுவோம்.

கணினிகளை இணைக்கும் சாதாரணச் செம்புக் கம்பிக்கு 100 மீட்டர்தான் எல்லை. அதற்குமேல் நடுவில் இன்னொரு கருவி வைத்தால்தான் செய்தி போய்ச் சேரும். மேலும் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்திற்கு வெளியே செம்புக் கம்பி இழுப்பது நம் ஊரில் ஆபத்து. உலகில் இடி மின்னல் மிகுந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. அருகில் எங்கோ மின்னல் விழுந்தாலும், வெளியே ஓடும் செம்புக் கம்பி அந்த மின்சாரத்தின் ஒரு பங்கை இழுத்துக்கொண்டுவந்து இரு பக்கத்துக் கணினிகளையும் கருக்கிவிடும்.

கண்ணாடி இழைக் கம்பி மிக நல்லது. அது ஒளியைக் கடத்துமே தவிர மின்சாரத்தைக் கடத்தாது. பல கிலோமீட்டர் போகும். மழையும் மரமும் அதற்குத் தடையில்லை. இரண்டு கட்டடமும் ஒரே வளாகத்துக்குள், ஒரே வேலிக்குள் இருந்தால், யோசிக்காமல் கண்ணாடி இழையைப் புதைத்துவிடுங்கள் என்பேன். ஆனால் நம் நேயரின் கட்டடங்களுக்கு நடுவே பொதுச் சாலை போகிறது. சாலையைத் தோண்டவும் குறுக்கே கம்பி இழுக்கவும் மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். சிறு சங்கத்தால் ஆகிற காரியமா அது?

மூன்றாவது வழியும் உண்டு. மாடிக்கும் தனியாக ஓர் இணையச் சந்தா எடுத்துக்கொள்வது. பிள்ளைகள் பாடம் பார்ப்பது மட்டும்தான் தேவை என்றால் இதுவே தொல்லையில்லாத வழி. ஆனால் மாதாமாதம் கட்டணம் கட்டவேண்டும். ஒரு ஜோடிக் கம்பியில்லாக் கருவிக்குச் சில நூறு வெள்ளிதான் ஆகும். அதுவும் ஒரு முறைச் செலவு. எனவே மூன்று ஆண்டுச் சந்தாவை ஒரு பக்கமும், கருவி, கம்பம், வயர்மேன் கூலி எல்லாவற்றையும் மறு பக்கமும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கணக்கு முடிவு சொல்லும். அலுவலகத்தின் பதிவேட்டை மாடியிலிருந்தும் பார்க்க வேண்டும், ஒரே சந்தாவை இருவரும் பங்கிட வேண்டும் என்றால், காற்றில் பாலம் போடுவது சரியான முடிவுதான்.

382 கிலோமீட்டரும் ஒரு டுரியான் மரமும்

சிலிபினில் இருப்பவர்கள் மேற்கே நிமிர்ந்து பார்த்தால் கிளேடாங் மலை தெரியும். அதன் உச்சியில் நிற்கும் ஒலி, ஒளிபரப்புக் கோபுரங்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அவற்றை ஏன் அவ்வளவு உயரத்தில் கொண்டுபோய் வைத்தார்கள்? கிந்தா பள்ளத்தாக்கு முழுவதையும் அங்கிருந்து பார்க்கலாம் என்பதால்தான். இவ்வகை வானொலி அலைகள் ஏறக்குறைய ஒளியைப்போல் நேர்கோட்டில் செல்பவை. கண்ணுக்குத் தெரிகிற இடத்திற்கு நன்றாகப் போகும். மறைந்த இடத்திற்குத் தட்டுத் தடுமாறித்தான் போகும்.

இதற்கு ஓர் அழகான சான்று உண்டு. 2007-ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவின் வெனிசுவேலா நாட்டில், எர்மானோ பியெத்ரோசெமோலி என்ற பேராசிரியரும் அவர் நண்பர்களும் ஒரு மலை உச்சியிலிருந்து தொலைதூரத்திலுள்ள இன்னொரு மலைக்கு, வீட்டில் நாம் பயன்படுத்தும் வகையைச் சேர்ந்த மலிவான வைஃபை ரவுட்டர்களைப் பெரிய தட்டு ஏரியல்களோடு பொருத்தி இணைத்தார்கள். தூரம் எவ்வளவு தெரியுமா? 382 கிலோமீட்டர்! ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு உள்ள தூரத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். நடுவே எந்தத் தடையும் இல்லாததால் அது முடிந்தது.

ஆனால் 300 மீட்டருக்கு நடுவில் இலையடர்ந்த ஒரு டுரியான் மரம் நின்றால், அதே கருவி திணறிப்போகும். இலைகளில் நீர் இருக்கிறது. நீர் இந்த அலைகளை உறிஞ்சும். மழையில் நனைந்த இலை இன்னும் அதிகமாக உறிஞ்சும். இப்போது சொல்லுங்கள், 5 கிலோமீட்டர் பெட்டியா, 15 கிலோமீட்டர் பெட்டியா என்ற கேள்விக்குப் பொருள் இருக்கிறதா? பெட்டியில் எழுதியிருக்கும் தூரம், தடையே இல்லாத வெளியில் அளந்த தூரம். உங்கள் சாலையோரத்து மரத்தை அந்தக் கம்பெனிக்காரர் பார்த்ததில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு தோட்டப்புறக் கட்டடத்தில் பிப்ரவரி மாதத்தில் இத்தகைய கருவியைப் பொருத்தினார்கள். அப்போது பால்மரங்கள் இலை உதிர்த்து மொட்டையாக நின்றன. இணைப்பு அருமையாக வேலை செய்தது. ஏப்ரலில் புதுத்தளிர் விட்டு மரங்கள் அடர்ந்ததும் இணைப்பு விட்டுவிட்டு வந்தது. பிற்பகல் மழை பெய்த நாள்களில் அறவே நின்றது. கருவி கெட்டுவிட்டதென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடையில் வைத்துப் பார்த்தால் நன்றாகவே இருக்கிறது. குற்றம் கருவியிலா இருந்தது? பால்மரம் இலை உதிர்க்கும் என்பது தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அந்த அறிவை இந்த வேலைக்கும் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் பலருக்குத் தோன்றுவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத பந்து

“எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அந்தக் கட்டடம் தெரிகிறதே, போதாதா?” என்று கேட்பீர்கள். பாதி போதும். மீதிப் பாதி இருக்கிறது.

இரண்டு ஏரியல்களுக்கும் நடுவே அலை ஒரு நூலைப்போல் போவதில்லை. இரு முனையிலும் ஒடுங்கி நடுவில் பருத்த, ரக்பி பந்து போன்ற ஒரு வெளியை அது எடுத்துக்கொள்கிறது. பிரெஞ்சு அறிஞர் பிரெனல் என்பவரின் பெயரால் இதைப் பிரெனல் மண்டலம் என்கிறார்கள். இந்தப் பந்துக்குள் தகரக் கூரையோ, விளம்பரப் பலகையோ, மரக்கிளையோ நீட்டிக்கொண்டிருந்தால், கண்ணுக்கு வழி தெரிந்தாலும் அலை பலவீனப்படும்.

பந்தின் பருமன் தூரத்தையும் அலையின் வகையையும் பொறுத்தது. 300 மீட்டர் தூரத்திற்கு, 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையானால் நடுவில் பந்தின் ஆரம் ஏறத்தாழ 2 மீட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையானால் 3 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு இவை முறையே 3.6 மீட்டராகவும் 5.6 மீட்டராகவும் பெருகும். இந்த ஆரத்தில் நூற்றுக்கு அறுபது பங்காவது தடையின்றி இருக்க வேண்டும் என்பது பொறியியலாளர்கள் கைக்கொள்ளும் விதி. நம் நேயர் 5.8 அலையைப் பயன்படுத்தினால், நேர்கோட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒன்றரை மீட்டர் வெளி வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

சாலையில் லோரி போகிறது என்பதையும் மறக்கக் கூடாது. கீழ்த்தளத்து அஞ்சடித் தூணில் ஏரியலைக் கட்டினால், ஒவ்வொரு லோரியும் உங்கள் பந்தை உதைத்துக்கொண்டுதான் போகும். கூரைக்கு மேல் ஒரு கம்பம் நட்டு உயரத்தில் வையுங்கள். மரம் ஆண்டுதோறும் வளரும். எதிரே காலி நிலம் இருந்தால் நாளை அதில் மாடி எழும்பும். இன்றைய வெளியை மட்டும் பாராமல் ஐந்தாண்டு கழித்து என்ன ஆகும் என்றும் பாருங்கள்.

எந்த அலை?

கடையில் மூன்று எண்கள் காதில் விழும்: 2.4, 5, 60. எல்லாம் கிகாஹெர்ட்ஸ்.

2.4 என்பது பழைய, எல்லாரும் புழங்கும் அலை. வீட்டு வைஃபை, புளூடூத், சமையலறை மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் இந்தப் பக்கந்தான். இதில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே. கடைவீடுகள் வரிசையாக இருக்கும் இடத்தில் இந்த அலை, தீபாவளிக்கு முந்தின நாள் கடைத்தெருவைப்போல் நெரிசலாக இருக்கும். இலைகளைச் சற்றுக் கூடுதலாக ஊடுருவும் என்ற ஒரு நன்மை இதற்கு உண்டு.

5 கிகாஹெர்ட்ஸில் தடங்கள் அதிகம், நெரிசல் குறைவு. தடை மட்டும் இருக்கக் கூடாது. 300 மீட்டர் தூரத்தில் எவ்வளவு மழை பெய்தாலும் இதற்குப் பொருட்டில்லை. வழி தெளிவாக இருந்தால் நம் நேயருக்கு ஏற்றது இதுவே.

60 கிகாஹெர்ட்ஸ் மிக வேகமானது. அது புதுமையானது என்று கடைக்காரர் சொல்வார். ஆனால் ஜகதீஷ் சந்திர போஸ் 1895-இல் கல்கத்தாவில் கம்பியில்லாமலே மணியை ஒலிக்கச் செய்து காட்டியவர். அந்த ஆண்டுகளிலேயே இதே அளவுள்ள, 5 மில்லிமீட்டர் நீள அலைகளை ஆய்ந்தும் இருந்தார். இந்த அலையைக் காற்றிலுள்ள ஆக்சிஜனே விழுங்கும். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் ஆக்சிஜனால் மட்டுமே முப்பதில் ஒரு பங்காகிவிடும். அதோடு ஈப்போவின் பிற்பகல் மழையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். 300 மீட்டருக்கு நல்ல தட்டு ஏரியலுள்ள கருவி தாக்குப்பிடிக்கும். எனினும் டியூஷன் வகுப்புக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் அவ்வளவு வேகம் தேவையா? கோழி அடிக்கக் குறுந்தடி போதும்.

விளக்கும் டார்ச்சும்

வகுப்பில் நான் சொல்லும் உதாரணம் இது. சிம்னி விளக்கு நாலா பக்கமும் வெளிச்சம் தரும், தூரத்திற்கு எட்டாது. டார்ச் விளக்கு ஒரே பக்கம் அடிக்கும். தூரத்தில் இருப்பவர் முகம் தெரியும். வீட்டு வைஃபை ரவுட்டர் சிம்னி விளக்கு. கட்டடத்திற்குக் கட்டடம் இணைக்க வேண்டியது டார்ச் விளக்கு, அதாவது ஒரே திசையில் அனுப்பும் ஏரியல் உள்ள வெளிப்புறக் கருவி. வீட்டு ரவுட்டரை ஜன்னலில் வைத்து இந்த வேலையைச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேளாதீர்கள்.

யூபிக்விட்டி, டிபி-லிங்க், மைக்ரோட்டிக் முதலிய பெயர்களில் இத்தகைய கருவிகள் விற்கின்றன. இந்தத் தூரத்திற்கு இவற்றுள் சிறியதே போதும். எந்தப் பெயரானாலும் இரண்டு பக்கத்திற்கும் ஒரே கம்பெனியின் ஒரே மாதிரிக் கருவியாக வாங்குங்கள். பொருத்தும்போது இரண்டு டார்ச்சும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும். கருவியின் திரையில் அலையின் வலு ஒரு கழித்தல் எண்ணாகத் தெரியும். பூஜ்யத்திற்கு அருகில் வரவர வலு அதிகம் என்று பொருள். கழித்தல் 50 முதல் கழித்தல் 65 வரை இருந்தால் நன்று. கழித்தல் 75-க்கும் கீழே போனால் தொல்லை தொடங்கும். மூன்று எண் கூடினால் வலு இரட்டிப்பாகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒருவர் ஏரியலை மெல்லத் திருப்ப, இன்னொருவர் எண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். பெட்டியில் 300 என்று போட்டிருந்தால் கைக்கு வருவது ஏறத்தாழ அதில் பாதி. இத்தகைய கருவிகளில் பெரும்பாலானவை ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடியாதவை. மாறி மாறித்தான் செய்யும். அது குறையன்று. அலுவலகத்து இணையச் சந்தாவே 100 என்றால், பாலம் 150 கொடுத்தாலும் மாடிக்குக் கிடைப்பது 100-க்குள்தான். வாய்க்காலை அகலமாக வெட்டினால் ஆற்றில் தண்ணீர் கூடிவிடுமா?

தேனி சொல்லும் பாடம்

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையின் சாரம். கருவியை வாங்கிப் பொருத்திய பிறகு என்ன ஆகும்? இதற்குத் தமிழ்நாட்டில் நடந்த ஓர் உண்மை வரலாற்றைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை அறியாதவர் இருக்க மாட்டீர்கள். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அவர்கள் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கியது அது. பிற்காலத்தில் அதன் தேனிக் கிளைக்கு ஒரு சிக்கல் வந்தது. சுற்றுப்புற ஊர்களில் கண் பார்வை குன்றியவர்கள் பலர். ஒரு நாள் கூலியை விட்டு, பேருந்துக்குச் செலவு செய்து தேனிக்கு வர அவர்களால் முடியவில்லை. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கண் டாக்டரை அனுப்பவும் இயலாது. ஆகவே ஊர்களில் சிறு பார்வை மையங்கள் திறந்து, பயிற்சி பெற்ற பணியாளரை அங்கே அமர்த்தி, தேனியிலுள்ள டாக்டர் திரையில் நோயாளியோடு முகம் பார்த்துப் பேசும்படி செய்ய நினைத்தார்கள். அதற்கு நல்ல வேகமுள்ள இணைப்பு வேண்டும். அக்காலத்தில் அந்த ஊர்களில் அது கிடைக்கவில்லை.

அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் என்ற பேராசிரியரின் குழுவினர் கைகொடுத்தார்கள். மலிவான வைஃபை கருவிகளையும் திசை ஏரியல்களையும் கோபுரங்களில் ஏற்றி, 2006-க்குள் ஐந்து பார்வை மையங்களைத் தேனி மருத்துவமனையோடு இணைத்துவிட்டார்கள். வைஃபை என்பது அறைக்குள் புழங்கப் பிறந்தது. செய்தி அனுப்பிவிட்டுப் ‘பெற்றேன்’ என்ற பதில் உடனே வர வேண்டுமென்று எதிர்பார்க்கும். நெடுந்தூரத்தில் பதில் தாமதமாவதால் செய்தி தொலைந்ததாக நினைத்து மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டிருக்கும். இதைச் சரிசெய்ய அவர்கள் மென்பொருளையே மாற்றி எழுதினார்கள். மேலே சொன்ன 382 கிலோமீட்டர் சோதனைக்கும் இக்குழுவின் மென்பொருள் உதவியது. தேனியைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஏழை மக்கள் தங்கள் ஊரிலேயே டாக்டரின் ஆலோசனையைப் பெற்றார்கள்.

இனி கவனியுங்கள். இணைப்புகளைத் தொடர்ந்து நடத்திப் பார்த்த அந்தக் குழுவினர், எதனால் அவை அடிக்கடி நின்றன என்று கணக்கெடுத்தார்கள். தூரமா? மழையா? ஏரியலா? அவை அல்ல. பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம் சுவரிலிருந்து வந்த மின்சாரம்! திடீரென்று எகிறும் மின்னழுத்தம் கருவிகளுக்கு மின்சாரம் கொடுக்கும் சிறு பெட்டிகளைக் கருக்கியது. அழுத்தம் குறைந்தபோது கருவிகள் அணைந்தும் அணையாமலும் அரைத்தூக்கத்தில் நின்றன; சிலவற்றின் நினைவகமும் கெட்டது. பிறகு, அழுத்தம் குறைந்தால் கருவியை முழுவதுமாக நிறுத்தி, சரியானபின் மீண்டும் எழுப்பும் ஒரு சிறு மின்சுற்றைச் செய்து பொருத்தினார்கள்.

இன்னொன்றையும் அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். தொலைவிலிருந்து வந்து போகும் நிபுணரால் இத்தகைய இணைப்பு நிலைக்காது; அந்தந்த இடத்தில் இருப்பவர்களே பழுது பார்க்கக் கற்றுக்கொண்டால்தான் நிலைக்கும். மருத்துவமனைப் பணியாளர்களைப் படிப்படியாகப் பழக்கி, பொறுப்பை அவர்களிடமே ஒப்படைத்தார்கள்.

நெடுந்தூர அலையை வென்ற அறிஞர்களுக்கே சுவர் மின்சாரம் தொல்லை கொடுத்ததென்றால், நம் சிறு சங்கத்துக்குச் சொல்ல வேண்டுமா? பதினைந்து கிலோமீட்டர் பெட்டிக்குக் கூடுதலாகக் கொடுக்க நினைத்த வெள்ளியை வேறு இடத்தில் போடுங்கள். எங்கே என்று சொல்கிறேன்.

வாங்க வேண்டியவை, செய்ய வேண்டியவை

முதலாவது, மின்சாரம். இரு பக்கமும் ஒரு சிறு யூ.பி.எஸ். வையுங்கள். மின்சாரம் தடைப்பட்டாலும் எகிறினாலும் அது காக்கும்.

இரண்டாவது, மின்னல். கூரைக்கு மேல் கம்பம் நட்டால் மின்னலுக்கு விருந்து வைத்தது போலத்தான். கம்பத்திற்கு முறையான எர்த் இணைப்பு வேண்டும். ஏரியலிலிருந்து கீழே இறங்கும் கம்பி கட்டடத்துக்குள் நுழையுமிடத்தில் மின்னல் தடுப்பான் வேண்டும். கம்பியும் வெயில் மழை தாங்கும், உலோக உறை போட்ட வெளிப்புறக் கம்பியாக இருக்கட்டும். இதை உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு செய்யுங்கள். அரைகுறை ஆளை அழைத்து வெள்ளி மிச்சம் பிடிக்கும் இடம் இதுவன்று. நேரே விழும் இடியை எந்தத் தடுப்பானும் முழுவதும் தடுத்துவிடாது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் விழும் மின்னலின் அதிர்ச்சியிலிருந்து அது காப்பாற்றும்.

மூன்றாவது, முத்திரை. இத்தகைய கருவிகளுக்குத் தனி உரிமக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அவை மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் விதிகளுக்கு உட்பட்டவை. சிரிம் சோதித்துச் சான்றளித்த கருவியா என்று முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். அனுமதித்த அளவுக்குமேல் வலுவைக் கூட்டித் தருகிறேன் என்று யாரேனும் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது சட்டத்துக்கும் புறம்பு, பக்கத்து வீட்டாருக்கும் தொல்லை.

நான்காவது, பூட்டு. சங்கத்தின் பதிவேட்டில் உறுப்பினர்களின் அடையாள அட்டை எண்ணும் வீட்டு முகவரியும் இருக்கின்றன. அவை இனிச் சாலைக்கு மேலே காற்றில் பறக்கப்போகின்றன. கம்பெனி போட்டுக் கொடுத்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். கருவியில் உள்ள மறையீட்டு வசதியைப் போடுங்கள். அதன் பெயர் டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 என்று இருக்கும். டியூஷன் பிள்ளைகள் புழங்கும் வழியையும் அலுவலகக் கணக்கு இருக்கும் வழியையும் வேறு வேறாகப் பிரித்துத் தரும்படி பொருத்துபவரிடம் கேளுங்கள். புதுக் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி உறையிலிட்டுச் சங்கத்தின் பெட்டகத்தில் வையுங்கள். செயலாளர் மாறினாலும் சாவி மாறாமல் இருக்க வேண்டுமல்லவா?

ஐந்தாவது, ஆள். உறுப்பினர்களுள் இரண்டு இளைஞர்களைப் பொருத்தும் நாளன்று முழுவதும் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று படம் வரையட்டும். முதல் நாள் அலை வலு எவ்வளவு என்று ஒரு புத்தகத்தில் எழுதட்டும். பிறகு மாதம் ஒரு முறை பார்த்து எழுதிவரட்டும். எண் குறைந்துகொண்டே வந்தால் கிளை வளர்ந்திருக்கிறது, அல்லது கம்பம் சாய்ந்திருக்கிறது என்று பொருள். இணைப்பு அறுந்துபோகும் முன்பே புத்தகம் சொல்லிவிடும். முடிந்தால் அதே மாதிரிக் கருவி ஒன்றை உபரியாக வாங்கி அலமாரியில் வையுங்கள். சிறிய கருவியைத் தேர்ந்தெடுத்ததால் மிச்சமான வெள்ளி அதற்கு உதவும்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியது

இத்தனையும் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால், “இது எத்தனை கிலோமீட்டர் போகும்?” என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள். “பணம் கட்டுமுன் எங்கள் இடத்துக்கு வந்து பார்ப்பீர்களா? எங்கள் கூரையில் வைத்து ஒரு நாள் சோதித்துக் காட்டுவீர்களா? எர்த்தும் மின்னல் தடுப்பானும் இந்த விலையில் அடக்கமா? பழுதானால் எத்தனை நாளில் மாற்றித் தருவீர்கள்?” என்று கேட்பீர்கள். இவற்றுக்கு நேரான பதில் சொல்பவரிடம், வெள்ளி சற்றுக் கூடினாலும் வாங்கலாம். பதில் சொல்லாமல் பெட்டியின் மேலுள்ள எண்ணையே திரும்பத் திரும்பக் காட்டுகிறவருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கடைக்குப் போகுமுன் வீட்டுப் பாடம் ஒன்று தருகிறேன். ஆசிரியன் பழக்கம் போகாதே! வருகிற ஞாயிற்றுக்கிழமை, டியூஷன் வகுப்பில் பெரிய பிள்ளைகள் நாலு பேரை அழைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் துணையோடு இருவர் ஒரு மாடியிலும் இருவர் மறு மாடியிலும் நிற்கட்டும். ஏரியல் வைக்க நினைக்கும் உயரத்தில் ஒரு மூங்கில் கம்பில் சிவப்புத் துணியைக் கட்டிப் பிடிக்கட்டும். எதிர்ப்பக்கத்துத் துணி முழுதாகத் தெரிகிறதா, அதைச் சுற்றி ஒன்றரை மீட்டர் வெளி இருக்கிறதா, நடுவில் என்ன மரம், யாருடைய மரம், கீழே போகும் லோரியின் கூரை எவ்வளவு உயரத்தில் தெரிகிறது என்பதையெல்லாம் பார்த்து எழுதட்டும். காசு செலவில்லாத இந்த ஒரு மணி நேரச் சோதனைதான், எந்தப் பெட்டியை வாங்குவது என்ற கேள்விக்குப் பாதிப் பதில். மீதிப் பதிலை அந்தப் பிள்ளைகளுள் ஒருவரே நாளைக்கு உங்களுக்குச் சொல்லித் தரக்கூடும்.